அச்சங்குளத்துக்கு ஒரு வானொலிப் பெட்டி

ஏழாயிரம்பண்ணையை அடுத்த கரிசல் வெளியில் உள்ள சிற்றூர் அச்சங்குளம். விருதுநகர் மாவட்டத்துக்கு வெளியே அதன் பெயரைக் கேட்டறியாதவர்களுக்கும் 2021 பிப்ரவரி 12 அதனை அறிமுகப்படுத்திற்று. அந்த வெள்ளிக்கிழமை பிற்பகலில், பட்டாசு ஆலை ஒன்றின் அறையில் மூண்ட வெடி அடுத்தடுத்த அறைகளுக்குத் தாவியது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீக்காயம் பட்டவர்கள் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் மதுரைக்குமாகப் பல வழிகளில் கொண்டு செல்லப்பட்டனர். யார் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்று தேடி அலைவது இவ்வட்டாரத்துக் குடும்பங்களுக்குப் புதியதன்று.

அதற்கு எட்டாண்டுகளுக்கு முன், 2012 செப்டம்பர் 5 அன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 38 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் அந்த ஆலையின் தொழிலாளர் அல்லர். முதல் வெடியின் புகையைக் கண்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றலாம் என்றும், என்ன நடந்தது என்று பார்க்கலாம் என்றும் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். அவர்கள் கூடி நின்ற வேளையில் அடுத்த வெடி நிகழ்ந்தது. ஒரு கிராமம் மற்றொரு கிராமத்துக்கு உதவ ஓடுவது நம் நாட்டின் நல்ல இயல்பு. அந்த இயல்பே அன்று உயிரைப் பறித்தது. “கிட்டே வராதீர்கள், இன்னும் மருந்து எரிகிறது” என்னும் ஒரு வரிச் செய்தி அந்த ஊர்களுக்கெல்லாம் ஒரே நொடியில் போய்ச் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்துதான் இக்கட்டுரை பிறக்கிறது.

ஒரே நொடியில், பலருக்கும் ஒருசேர என்பதே இதில் முதன்மையானது. அலைபேசி இருவருக்கு இடையிலான கருவி. நான் ஒருவரை அழைத்தால் அவர் மட்டுமே கேட்பார். அடுத்தவருக்கு மறுபடியும் அழைக்க வேண்டும். ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரே வேளையில் இத்தனை பேரைத்தான் தாங்க முடியும் என்ற வரம்பு உண்டு. வெடிச்சத்தம் பத்துக் கிலோமீட்டருக்குக் கேட்டுவிட்டால், அந்த வட்டத்தில் உள்ள அனைவரும் தம் வீட்டாரை ஒரே கணத்தில் அழைக்கிறார்கள். கோபுரம் சாயாமல் நின்றாலும் அழைப்புக் கிடைக்காமற் போவது இதனால்தான். வானொலியில் ஒருவர் பேசினால் அந்த அலைவரிசையில் காதுகொடுத்த அனைவரும் கேட்பர். கேட்போர் பத்தானாலும் ஆயிரமானாலும் அலைக்குப் பாரம் கூடுவதில்லை.

இத்தகைய வானொலியை, வணிக நோக்கமின்றி, அரசின் உரிமம் பெற்றுத் தனிமனிதர்களே இயக்கும் கலைக்கு அமெச்சூர் வானொலி என்று பெயர். உலகெங்கும் ‘ஹாம்’ என்பர். இந்தியாவில் தேர்வு எழுதித் தேறியவருக்கு நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறை உரிமமும் ‘வியு’ என்று தொடங்கும் அழைப்புக் குறியும் வழங்குகிறது. மறைந்த தலைமை அமைச்சர் இராசீவ் காந்தியும் வியு2ஆர்ஜி என்னும் குறியுடைய ஹாம்தான்.

இக்கலையின் பயனை நாம் நெருக்கமாகக் கண்டது 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது. ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று அம்மாதம் போர்ட் பிளேயரில் தங்கி, அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தது. பாரதி பிரசாத் என்னும் அம்மையார் வியு4ஆர்பிஐ என்ற குறியோடு அதனை முன்னின்று நடத்தினார். பல ஆண்டுகளாக அந்தத் தீவுகளிலிருந்து ஹாம் குரலே எழாதிருந்ததால், உலகத்து ஆர்வலர்கள் அவர் குரலுக்கு வரிசையில் காத்திருந்தனர். விடிந்தும் விடியாத வேளையில் நிலம் நடுங்கிற்று, கடல் ஏறிற்று. தொலைபேசித் தொடர்பு அறுந்த தீவிலிருந்து, பொழுதுபோக்குக்காகக் கொண்டு சென்ற அதே கருவியால், யார் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தியைத் தாய்நிலத்துக்கு அனுப்பலானார் அவர். குழுவினர் பின்னர்க் கார் நிக்கோபாருக்கும் சென்றனர்.

அதே நாட்களில் இலங்கையிலும் இதுவே நிகழ்ந்தது. விக்டர் குணதிலக்க முதலிய இலங்கை ஹாம்கள் அம்பாந்தோட்டையில் நிலையம் அமைத்துக் கொழும்போடு பேசினர். கார் மின்கலமும் சில மீட்டர் கம்பியுமே அவர்களுடைய வலிமை. இவ்விரு நிகழ்வுகளிலும் என்னை ஈர்ப்பது ஒன்று உண்டு. கருவி பேரழிவுக்குப் பின் வரவழைக்கப்படவில்லை. கருவியும் அதனை இயக்கத் தெரிந்த கையும் முன்னமே அங்கே இருந்தன, அல்லது ஒரு வண்டிப் பயணத் தொலைவில் இருந்தன. அச்சங்குளம் போன்ற ஊருக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று நான் வாதிடுவது இதன் அடிப்படையிலேயே.

அப்பெட்டியில் என்ன இருக்க வேண்டும்? கருவிப் பட்டியலிலிருந்து தொடங்குவது பலரும் செய்யும் பிழை. செய்தி எங்கிருந்து எங்கே போக வேண்டும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அச்சங்குளத்தின் தேவை இரண்டு அடுக்குகளைக் கொண்டது. வெடித்த இடத்திலிருந்து பக்கத்து ஊர்களுக்கும் சாத்தூருக்கும் உடனே பேச வேண்டும். இது அண்மைத் தொடர்பு. மதுரையில் படுக்கை இருக்கிறதா, மாவட்டத் தலைநகரிலிருந்து எது வருகிறது என்று அறிய வேண்டும். இது சேய்மைத் தொடர்பு. இவ்விரண்டுக்கும் வேறு வேறு அலைகள் ஏற்றவை.

அண்மைத் தொடர்புக்கு உரியது 144 முதல் 146 மெகாஹெர்ட்சு வரையிலான பட்டை. அலைநீளம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஆதலால் இதனை இரண்டு மீட்டர்ப் பட்டை என்பர். இவ்வலைகள் ஒளியைப் போல நேர்க்கோட்டில் செல்பவை. நிலத்தின் வளைவு அவற்றை மறைத்துவிடும். எவ்வளவு தொலைவு எட்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. இரு முனைகளிலும் உள்ள அலைக்கம்பிகளின் உயரங்களை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, இரண்டையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். இருவர் வாக்கி டாக்கியைக் கையில் பிடித்து நின்று பேசினால், உயரம் ஒன்றரை மீட்டர். விடை பத்துக் கிலோமீட்டர். அதுவும் இடையே மரமும் கட்டடமும் இல்லாத வெட்டவெளியில்தான். இருவரும் பத்து மீட்டர்க் கம்பத்தில் அலைக்கம்பியை ஏற்றிவிட்டால் 26 கிலோமீட்டர். அச்சங்குளத்திலிருந்து சாத்தூர் இந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

கருவியின் ஆற்றலைப் பத்து மடங்கு கூட்டுவதைவிட ஒரு மூங்கிலை நட்டு அலைக்கம்பியை மேலே ஏற்றுவது மேல் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. மேடு பள்ளம் மிகுந்த மலைநாட்டில் இந்த வாய்ப்பு இல்லை. கரிசல் காடு தட்டையானது. உயர்ந்து நிற்பவை கோயில் கோபுரமும் நீர்த்தேக்கத் தொட்டியும் சீமைக் கருவேல மரங்களுமே. வானொலிக்கு இணக்கமான நிலம் இது. பந்தல் போடுபவரிடம் கிடைக்கும் சவுக்குக் கம்புகள் இரண்டைச் சேர்த்துக் கட்டினாலே வேண்டிய உயரம் கிட்டும்.

அந்தக் கம்பின் உச்சியில் ஏற வேண்டிய அலைக்கம்பியை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. 300-ஐ மெகாஹெர்ட்சு எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 145-க்கு அது 2.07 மீட்டர்; அதன் கால்பங்கு ஏறத்தாழ 52 சென்டிமீட்டர். கம்பியில் மின்னோட்டம் வெற்றுவெளியைக் காட்டிலும் சற்றே மெதுவாகச் செல்வதாலும் கம்பிக்குத் தடிமன் இருப்பதாலும் ஐந்து விழுக்காடு குறைத்து 49 சென்டிமீட்டராக வெட்ட வேண்டும். இதுவே செங்குத்தாக நிற்கும் தண்டு. அதன் அடியில், கொஞ்சம் நீளமான நான்கு கம்பிகளை நாற்றிசையும் விரித்தால் அவை செயற்கை நிலமாக விளங்கும். அவற்றைக் கிடையாக விட்டால் அலைக்கம்பியின் மின்தடை 36 ஓம் அளவில் நிற்கும். 45 பாகை கீழ்நோக்கிச் சாய்த்தால் 50 ஓமை நெருங்கும். கருவியும் அதனோடு இணைக்கும் வடமும் 50 ஓமுக்கே வடிவமைக்கப்பட்டவை ஆதலால், அந்தச் சாய்வு அழகுக்காக அன்று. ஆற்றல் வழியிலேயே திரும்பி வந்துவிடாமல் காக்கும் அறிவியல் அது. வீட்டு மின்வேலைக்கு வாங்கும் தடித்த செம்புக் கம்பியே இதற்குப் போதும்.

வடத்தைப் பற்றி ஒரு சொல். மெல்லிய ஓரச்சு வடம் பத்து மீட்டர் போட்டால், 145 மெகாஹெர்ட்சில் அனுப்பும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வடத்தைச் சூடாக்குவதிலேயே போய்விடும். அதே வடம் 7 மெகாஹெர்ட்சில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே தின்னும். ஆகவே அண்மைத் தொடர்புக்குத் தடித்த வடம் வேண்டும்; சேய்மைத் தொடர்புக்கு மெல்லிய வடமே போதும்.

சேய்மைத் தொடர்பின் இயற்பியல்தான் இப்பெட்டியின் மிக வியப்பான பகுதி. அச்சங்குளத்துக்கும் மதுரைக்கும் இடையே நேர்க்கோட்டில் அலை செல்லாது. குரலை வாங்கி மீண்டும் பரப்பும் மறுபரப்பி நிலையம் மலையுச்சியில் இருந்தால் செல்லும். ஆனால் அது நம் கையில் இல்லாத மின்சாரத்தையும் கம்பத்தையும் நம்பியது. வேறு எவரையும் நம்பாத ஒரு வழி வானத்தில் இருக்கிறது. தரையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில், கதிரவனின் புறஊதாக் கதிர் காற்றணுக்களிலிருந்து மின்னணுக்களைப் பிரித்துவிடுகிறது. அந்த அயனி மண்டலம் குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழ்ப்பட்ட அலைகளைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். அலையைத் தொடுவானத்தை நோக்கி விடாமல் நேர் மேலே விட்டால், அது மேலே முட்டிக் குடை விரித்தாற்போல நம்மைச் சுற்றி முந்நூறு நானூறு கிலோமீட்டர் வட்டத்தில் இறங்கும். இடையில் மலை இருந்தாலும் காடு இருந்தாலும் தடையில்லை. அவற்றுக்கு மேலிருந்து அல்லவா அலை வருகிறது!

நேர் மேலே விடுவதற்குப் பெரிய கம்பம் தேவைப்படாதது இந்த முறையின் இரண்டாம் அருமை. 7.1 மெகாஹெர்ட்சுக்கு அரை அலைநீளக் கம்பி ஏறத்தாழ 20 மீட்டர். நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டராக, நான்கைந்து மீட்டர் உயரத்தில் இழுத்துக் கட்டினால் போதும். உயர்த்திக் கட்டினால்தான் அலை தொடுவானை நோக்கிச் சாயும். தாழக் கட்டினால் நிலமே அடியில் எதிரொளிப்பானாக நின்று அலையை மேலே தள்ளும். இரண்டு வேப்ப மரங்களுக்கு இடையே துணிக்கொடி கட்டத் தெரிந்தவர் இந்த அலைக்கம்பியைக் கட்டிவிடலாம்.

எந்த அதிர்வெண் என்பதில்தான் கவனம் வேண்டும். மிகக் குறைந்த அதிர்வெண்ணை, பகலில் அறுபது எழுபது கிலோமீட்டர் உயரத்தில் உருவாகும் கீழடுக்கு உறிஞ்சிவிடும். மிக உயர்ந்தது மேலடுக்கைத் துளைத்து விண்வெளிக்குப் போய்விடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள சாளரம் நாழிகைக்கு நாழிகை நகர்கிறது. பகலில் 7 மெகாஹெர்ட்சும், பின்னிரவில் மின்னணுக்கள் அருகிய பிறகு 3.5 மெகாஹெர்ட்சும் என்று வைத்துக்கொள்வது நம் பகுதிக்குப் பொருந்தும்.

நம் பகுதி என்று சொன்னேன். அதற்குத் தனிச் சிறப்பு உண்டு. புவியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963-இல் தும்பாவில் ஏவூர்தித் தளம் அமைந்தது இதனால்தான். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் நடத்துவதும், கொடைக்கானல் வான்காணகம் நெடுங்காலம் அயனி மண்டலத்தை அளந்து வந்ததும் இதே காரணத்தால். இக்கோட்டருகே பகலில் வான அடுக்கு செறிவானது. ஏழு மெகாஹெர்ட்சு அலை பகலில் ஏமாற்றுவது அரிது. ஆனால் கதிரவன் மறைந்த பின் சில மணி நேரத்துக்கு, சில பருவங்களில், அந்த அடுக்கு கொதிக்கும் நீர்போலக் குமிழியிட்டுக் கலங்கும். அப்போது குரல் நடுங்கியும் அலைந்தும் கேட்கும். ஐரோப்பியரும் அமெரிக்கரும் எழுதிய கையேடுகளில் இக்குறைபாடு பெரிதாகப் பேசப்படாது. அவர்கள் வானம் வேறு, நம் வானம் வேறு. விருதுநகர் மாவட்டத்து ஹாம் ஒருவர் ஓராண்டு முழுவதும் மாலைப் பொழுதில் கேட்டுக் குறிப்பெடுத்தால் அதுவே இப்பெட்டிக்கு மிகச் சிறந்த கையேடாகும்.

கருவியை வாங்கலாம், செய்யவும் செய்யலாம். 2003 வாக்கில் ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்கர் ஃபர்கான், எங்கும் கிடைக்கும் உதிரி உறுப்புகளைக் கொண்டே ‘பிட்எக்ஸ்’ என்னும் குரல் பரப்பியை வடிவமைத்தார். வெளிநாட்டு வளையக் காந்தம் கிடைக்காதவர்களுக்கு, தண்ணீர்க் குழாயில் போடும் வாஷரின் மேல் கம்பி சுற்றிக்கொள்ளும் வழியைக் காட்டினார். அதன் சுற்றுவரைபடம் உலகம் முழுவதும் பரவிற்று. பின்னாளில் அதன் வளர்ச்சியாக வந்த கருவித் தொகுப்புகளுக்கு, உள்ளூர்ப் பெண்கள் கூடிக் கைகளால் கம்பிச்சுருள் சுற்றித் தந்தனர். ஏழெட்டு வாட்டு ஆற்றலில் நாடு கடந்து பேசும் வானொலி இவ்வாறு உருவாயிற்று.

சிவகாசி வட்டாரத்துப் பெண்களின் விரல்களை நான் இங்கே நினைக்கிறேன். குழாய் சுற்றுவதிலும் திரி செருகுவதிலும் சரம் பின்னுவதிலும் அவ்விரல்களுக்கு உள்ள துல்லியம் எந்தப் பயிலகமும் தராதது. நாற்பது சுற்று, ஒன்றோடொன்று படாமல், ஒரே இறுக்கத்தில் என்பதெல்லாம் அவர்களுக்குக் கடினமான வேலையாகவே இராது. இம்மாவட்டத்துக்கான வானொலிப் பெட்டிகளை இம்மாவட்டத்துப் பெண்களே செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

மின்கலத்துக்கு வருவோம். இருபது வாட்டு ஆற்றலுள்ள கருவி கேட்கும்போது 0.6 ஆம்பியரும் பேசும்போது சராசரி 4 ஆம்பியரும் எடுப்பதாகக் கொள்க. நாள் முழுவதும் பத்தில் ஒரு பங்கு நேரம் பேசுவோம். கேட்பதற்கு 21.6 மணி நேரத்தில் 13 ஆம்பியர்-மணி, பேசுவதற்கு 2.4 மணி நேரத்தில் 9.6 ஆம்பியர்-மணி. கூடினால் 22.5. மின்கலத்தை அடிவரை வற்றவிடலாகாது என்பதால் 30 ஆம்பியர்-மணி வேண்டும். இலித்தியம் இரும்புப் பாசுபேட்டு வகையில் இது நான்கு கிலோ எடைக்குள் அடங்கும். இரு சக்கர வண்டியில் போடும் ஈயக் கலத்தின் வகையிலே போனால், பாதியளவே பயன்படுத்த முடியும் ஆதலால், கலம் மட்டுமே ஏறத்தாழப் பதினைந்து கிலோவைத் தூக்க வேண்டியிருக்கும். விலை மலிவு என்று ஈயத்தைத் தேர்ந்தால் பெட்டி சுமக்கக்கூடிய பெட்டியாக இராது. மொத்தப் பெட்டியும் பதினைந்து கிலோவுக்குள், பள்ளி ஆசிரியை ஒருவர் தம் வண்டியின் முன்னே வைத்து ஓட்டிச் செல்லத்தக்க எடையில் அமைய வேண்டும். 50 வாட்டுச் சூரியத் தகடு ஒன்று சேர்ந்தால் இந்தப் பக்கத்து வெயிலில் நாளொன்றுக்கு 15 ஆம்பியர்-மணி மீளும். வெயிலுக்கு மட்டும் இங்கே என்றும் பஞ்சமில்லை.

பெட்டியில் உள்ள எல்லாக் கருவிக்கும் ஒரே வகை மின் இணைப்பி இருக்கட்டும். தலைகீழாகச் செருக இயலாத வகையாக இருக்கட்டும். பதற்றத்தில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி இணைத்தால் கருவி ஒரு நொடியில் கெடும். மின்கலத்தை ஒட்டியே உருகி பொருத்த வேண்டும். அது ஏன் இவ்வூரில் கட்டாயம் என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. அதுவே இக்கட்டுரையில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது.

இது வெடிமருந்து விளையும் நிலம். அலுமினியத் தூளும் வெடியுப்பும் கந்தகமும் காற்றிலே கலந்து நிற்கும் அறைகள் இங்கே வரிசை வரிசையாக உள்ளன. உடலில் தேங்கும் நிலைமின்சாரம்கூடத் தீமூட்டலாம் என்பதால் அறை வாயிலில் செம்புத் தகட்டை மிதித்துவிட்டு நுழைகிறார்கள். பருத்தி ஆடையே உடுத்துகிறார்கள். அத்தகைய இடத்தில், மின்கல முனையில் கம்பி உரசி எழும் சிறு பொறி எத்துணைக் கொடியது! நாம் வாங்கும் வாக்கி டாக்கிகள் பொறி எழாவண்ணம் தனியே காப்பிட்டுச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே இப்பெட்டி ஆலை வேலிக்கு உள்ளே ஒருபோதும் செல்லலாகாது. மருந்து அறை, உலர்த்தும் மேடை, கிடங்கு எதன் அருகிலும் செல்லலாகாது. விபத்துக்குப் பின்னும் அவ்விடத்தில் வெடிக்காத மருந்து சிதறிக் கிடக்கும்.

இரண்டாவது இடர் கண்ணுக்குப் புலப்படாதது. வாணவேடிக்கைகளில் மின்சாரத்தால் பற்றவைக்கும் திரிகள் உண்டு. கல்குவாரிகளில் மின் வெடிப்பிகள் உண்டு. அவற்றின் நீண்ட இணைப்புக் கம்பிகள் தம்மை அறியாமலே அலைக்கம்பிகளாகிவிடும். அருகிலே வலுவான வானொலி பேசினால் அக்கம்பியில் மின்னோட்டம் தூண்டப்படும். பரப்பியின் ஆற்றல் கூடக்கூடவும், இடைவெளி குறையக்குறையவும் இடர் ஏறும். மூன்றாவது இடர் மின்னல். கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடியிறங்கிப் பட்டாசு அறைகள் வெடித்ததுண்டு. இழுத்துக் கட்டிய இருபது மீட்டர்க் கம்பி மின்னலுக்குக் கொடுக்கும் அழைப்பு. இடி கேட்டால் கம்பியை இறக்கிவிட்டு வாக்கி டாக்கியோடு உள்ளே போய்விட வேண்டும்.

எனவே நிலையம் அமையும் இடத்தை இன்றே குறித்து வைக்க வேண்டும். என் கணிப்பில், எந்த ஆலை வேலியிலிருந்தும் அரைக் கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவில், புகை வந்து மூடாத வகையில் காற்று வரும் திசையில், வண்டிப் பாதையை அடைக்காத ஓரிடம். ஊருக்கு இத்தகைய இடங்கள் இரண்டு வேண்டும். காற்றுத் திசை மாறினால் மற்றொன்று. பள்ளிக்கூட வெளியோ கோயில் மைதானமோ பொருந்தலாம். முதல் செய்தி அங்கிருந்து எழ வேண்டும்: எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே நிற்க வேண்டும், எதற்குக் கிட்டே வரக் கூடாது.

செய்தி என்றதும் நாம் பேச்சைக் கருதுகிறோம். நெருக்கடியில் செய்தி எழுத்தாகவே பிறக்க வேண்டும். எழுதியதைப் படித்து, மறுமுனையில் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்த்த பிறகே அது சென்றதாகும். குரல் வானொலி மனிதக் குரலில் 300 முதல் 2700 ஹெர்ட்சு வரையிலான பகுதியை மட்டுமே எடுத்துச் செல்கிறது. இரைச்சலில் மெல்லினமும் குறில் நெடிலும் மங்கிப்போகும். தமிழ் எண்களில் இது பேரிடர் தரும். ஒன்பது, ஐம்பது, எண்பது மூன்றும் ‘பது’ என்றே முடிகின்றன. இரைச்சலுக்கு நடுவே மருத்துவமனையில் கேட்பவர், ஒன்பது பேர் வருகிறார்கள் என்பதை ஐம்பது என்று கொள்ளலாம். அல்லது நேர்மாறாகவும் கொள்ளலாம். எனவே ஐம்பதை ‘ஐந்து, சுழி’ என்றும் ஒன்பதைச் ‘சுழி, ஒன்பது’ என்றும் தனித்தனி இலக்கமாகச் சொல்லிப் பழக வேண்டும். ஊர்ப்பெயரிலும் அதே எச்சரிக்கை. அச்சங்குளம் என்னும் பெயரில் தமிழ்நாட்டில் வேறு ஊர்களும் இருக்கின்றன. குளங்களுக்கும் பட்டிகளுக்கும் கணக்கில்லை. ‘ஏழாயிரம்பண்ணை அச்சங்குளம்’ என்று இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இச்செய்திகளை எழுதும் படிவத்தைப் படியெடுக்கும் தாளோடு, தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கட்டாகத் தைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும். நாட்காட்டியும் குறிப்பேடும் நாடெங்கும் அச்சடித்து அனுப்பும் சிவகாசிக்கு இது ஒரு பொழுது வேலை. நீரில் கரையாத மையும் கிழியாத தாளும் அங்கேயே கிடைக்கும்.

வெடிவிபத்துக்கு மட்டும் உரியதன்று இப்பெட்டி. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிச் சென்னை மூழ்கியபோது அலைபேசிகள் ஊமையாயின. ஹாம்கள் துணை நின்றனர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. திருவைகுண்டத்தில் இருப்புப்பாதை அரிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான பயணிகளோடு தொடர்வண்டி நின்றது. அவ்விரண்டு ஊர்களும் இருப்பது அச்சங்குளத்துக்கு அண்டை மாவட்டத்தில். எங்கள் பகுதியின் ஆறான வைப்பாறு வறண்டே கிடக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

ஒன்றை மறக்கலாகாது. காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் தம் சொந்த வானொலி வலைகள் உண்டு. ஹாம் அவர்களுக்கு மாற்று அல்லர். அவர்கள் வந்து சேரும் வரையிலும், அவர்கள் வலைக்கு எட்டாத ஊர்களுக்கும் துணை. உரிமம் இல்லாதவர் பேசுவது குற்றம். உரிமம் உள்ளவரும் வணிகச் செய்தி பேசலாகாது. மாவட்ட நிருவாகத்தோடு முன்கூட்டியே பேசி, கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஹாமுக்கு இருக்கை ஒதுக்கிவைத்தால்தான் அச்சங்குளத்தில் எழும் குரலுக்கு அங்கே ஒரு காது இருக்கும்.

பெட்டியை மூடி வைத்துவிட்டால் ஈராண்டில் மின்கலம் இறக்கும். எலி வடத்தைக் கடிக்கும். கட்டத் தெரிந்தவர் வேறூர் போயிருப்பார். மாதம் ஒரு ஞாயிறு அதனை வெளியே எடுத்து, கம்பம் நட்டு, சாத்தூரோடும் மதுரையோடும் பேசி, எத்தனை நிமிடத்தில் முதல் சொல் சென்றது என்று சுவரில் எழுதி வைக்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்குள் முடியும் வரை அது பயிற்சிப் பெட்டியே.

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பகுதிப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களை நான் வேண்டிக் கேட்டுக்கொள்வது இது. அலைநீளமும் அதிர்வெண்ணும் மின்தடையும் உங்கள் பாடநூலிலேயே இருக்கின்றன. இந்தியாவில் அமெச்சூர் வானொலித் தேர்வை எழுத 12 வயது நிரம்பியிருந்தால் போதும். தொடக்க நிலை உரிமத்துக்கு மோர்சு ஒலிக்குறியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏழாம் எட்டாம் வகுப்பில் உங்கள் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் பலருடைய தாய்மார்கள் இந்த நேரத்தில் பட்டாசு அறைகளில் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.